இரண்டு தடவை செத்தவர்

ஒரு தொடர் நாவலின் மூன்றாம் பாகம் திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். ஞாயிறு மதியம் என் மகள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு அதன் தாள்கட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்துப் பிழை தேடுவதற்குத்தான் சம்பளம். கதையை ரசிப்பதற்கு இல்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. இந்தக் கதையில் உலகம் அழிந்திருக்கும், ஊரைச் சுற்றி மதில் இருக்கும், உள்ளே ஒரு கொடுங்கோலன் இருப்பான். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி முடியை வெட்டிக்கொண்டு கத்தியைத் தூக்குவாள். அவளுக்காக இரண்டு பையன்கள் உருகுவார்கள். அதில் எவன் சாவான் என்று பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அரைத்த மாவையே மூன்று பாகத்துக்கு அரைத்திருந்தார்கள். யார் செத்தாலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னே நடப்பாள். அழவே மாட்டாள்.

என் மகளுக்கு அவள்தான் எல்லாம். என் கணவர் போய் நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இவளும் அழவில்லை, நானும் அழவில்லை. சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா, அவ்வளவுதான் பேச்சு. பல் பிடுங்கப் போட்ட ஊசி இன்னும் இறங்காத மாதிரி எனக்கு உள்ளே மரத்துக் கிடந்தது. இவளோடு பேச ஏதாவது ஒன்று வேண்டும். அதற்காகத்தான், அலுவலகத்தைவிட்டு வெளியே போகக் கூடாத தாள்கட்டைப் பைக்குள் போட்டு எடுத்து வந்தேன்.

"அம்மா, இதை நீ பாத்தியா?"

"பாத்துதானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"முப்பத்து மூணாம் பக்கத்துலேர்ந்து நாப்பத்தெட்டு வரைக்கும் ரெண்டாம் பாகம்மா. அப்படியே இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். எங்கள் வடிவமைப்பாளர் பழைய பாகத்தின் கோப்பைத் திறந்து, அதன் மேலேயே புதியதைக் கொட்டுவார். பக்க அளவு மறுபடி போட வேண்டாமே என்ற சோம்பல். அதில் ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், பழையபடியே தங்கிவிட்டது. இரண்டாம் பாகத்தில் செத்துப்போன கதாநாயகியின் அப்பா மூன்றாம் பாகத்தில் உயிரோடு நடமாடி, மறுபடியும் சாகிறார். இரண்டு பாகத்துக்கும் மெய்ப்புப் பார்த்தவள் நான்தான். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ‘சரி’ என்று எழுதியிருந்தேன். அவர் சாகும் பக்கத்தில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியைக்கூடச் சேர்த்திருந்தேன்.

"உனக்குத் தெரியவே இல்லையா?"

"எல்லாம் ஒரே மாதிரிதானேடி இருக்கு."

"அப்பா சாகறதுமா?"

பதிப்பாசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு ஏனோ திட்டவில்லை.

"எந்த வரிலேர்ந்து எந்த வரி வரைக்கும்? படிங்க, குறிச்சுக்கறேன்."

"‘அப்பா வாசலில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்’, இதுலேர்ந்து சார்."

"எது வரைக்கும்?"

நாற்பத்தெட்டாம் பக்கத்தின் அடியைப் பார்த்தேன். தாளை மகள் பக்கம் நகர்த்தினேன். மகள் தொலைபேசியை வாங்கினாள். "‘அப்பாவின் கை குளிர்ந்துவிட்டது’, இது வரைக்கும்," என்று முகவரி சொல்வதைப் போலச் சொன்னாள்.

"யாரும்மா நீ? தாள்கட்டு வீட்டுலயா இருக்கு?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. நாளைக் காலையில் வந்து தன்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்தார். வேலை போனாலும் போகலாம். அதுவும் எனக்குள் இறங்கவில்லை.

"அந்தப் பக்கத்தையெல்லாம் எடுத்துடுவாங்களா?"

"எடுத்துத்தானே ஆகணும்."

"அந்தச் செருப்பைத் தேடற இடத்துல, எப்படியோ பொழைச்சு வந்துட்டாருன்னே நெனச்சேம்மா. இந்தப் புத்தகத்துலயே அதுதான் நல்ல இடம். மத்ததெல்லாம் படிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு." தாள்களைச் சடசடவென்று புரட்டினாள். "கடைசி வரைக்கும் தேடிப் பாத்துட்டேன். அவ அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ஜெயிச்சு, அந்தப் பையனையும் கட்டிக்கறா. ஒரு தடவைகூட நெனைக்கல. என்ன ஜென்மமோ! இவளைப் போய் நான் பெருசா நெனச்சேன் பாரு."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நாமளும் நாலு மாசமா அப்பா பேச்சை எடுக்கலையே," என்றேன்.

அவள் புரட்டுவதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

"நீ மொதல்ல எடு," என்றாள்.



"உங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் சட்டைப் பொத்தானை ஒழுங்காப் போடத் தெரியாது," என்று ஆரம்பித்தேன்.