இடிக்கிறவள் போட்ட கைப்பிடி

எங்கள் வீட்டுக்குப் போக எழுபத்து நாலு படி ஏற வேண்டும். அந்தப் படிகளுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் நகராட்சி இரண்டு பக்கத்துக் கட்டடக்காரர்களையும் கைகாட்டும். கட்டடக்காரர்கள் நகராட்சியைக் கைகாட்டுவார்கள். குப்பை மட்டும் யாரையும் கேட்காமல் நடுவில் குடியேறிவிட்டது. பாதி வழியில் அகலமாக ஒரு தளம் உண்டு. உடைந்த சோபா, காலி டப்பா, யாரோ தூக்கிப்போட்ட குளியல் தொட்டி என்று ஊரில் எவருக்கும் வேண்டாதது எல்லாம் அங்கேதான் கிடக்கும். படிகளில் பாதிக்கு விளிம்பே கிடையாது.

பதினோரு வருஷமாக அதில் ஏறி இறங்கி, தினம் ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிவிட்டுப் போனவள்தான் நான். திட்டுவதில் எனக்கு அலுப்பே வராது. என் வீட்டுக்காரர் விழுந்த பிறகுதான், திட்டினால் மட்டும் போதாது என்று உறைத்தது.

அவர் பெயிண்டர். இருபத்தாறு வருஷம் ஏணியில் நின்று நாலு மாடிக்குப் பெயிண்ட் அடித்தவர், ஒரு நாள் காலையில் வீட்டுக்குள் சட்டைப் பொத்தான் போடும்போது சரிந்து விழுந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. கால் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. கைத்தடி ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். இடது கைதான் எதையும் பிடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். நாலாவது தடவை, தூக்கியவர் ஒருவர் உடைந்த படியில் கால் வைக்க, நாற்காலி சாய்ந்து, தெருவே ஐயோ என்று கத்தியது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டார். "இனிமே என்னை யாரும் தூக்க வேணாம். அப்படித் தூக்கினா அது கடைசித் தடவையா இருக்கட்டும்."

"வாயைக் கழுவுங்க."

"என் கால்ல நடந்து போக முடிஞ்சா போறேன். இல்லேன்னா இங்கேயே கிடக்கிறேன். ஆளை விடு."

கீழே தெருவில் இருபது கடை தாண்டினால் பிசியோதெரபி நிலையம் இருக்கிறது. அதை நடத்தும் அம்மா ஒரு நாள் மூச்சு வாங்க மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தினமும் அங்க வந்து மெஷின்ல பண்ணணும். முதல் ஆறு மாசம்தான் கை நல்லாத் திரும்புற காலம். அதுல மூணு போயிடுச்சு. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தா அந்தக் கையை மறந்துட வேண்டியதுதான்."

பெயிண்டரின் கையை மறப்பதா? அன்றைக்குத்தான் கடப்பாரையை எடுத்தேன்.

என் தொழிலைச் சொல்லவில்லையே. நான் பழைய கட்டடங்களை இடிக்கிற கம்பெனியில் சாமான் பிரிக்கிறவள். கதவு, ஜன்னல், கிராதி, குழாய், கல் எல்லாவற்றையும் சேதாரமில்லாமல் கழற்றி, சாக்பீஸால் எண் போட்டு அடுக்க வேண்டும். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கழற்றும்போது மேலிருந்து கீழே, மாட்டும்போது கீழிருந்து மேலே. இதை மாற்றினால் கட்டடம் தலையில் விழும்.

அந்த மாதம் ஒரு பழைய சினிமாக் கொட்டகையை இடித்துக்கொண்டிருந்தோம். அதன் மாடிப்படிக்கு நல்ல கனமான இரும்புக் குழாயில் கைப்பிடி போட்டிருந்தார்கள். எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்தது. முதலாளியிடம் கேட்டேன். "எடுத்துட்டுப் போ, லாரி உன் பாடு," என்றார். நானே அளந்தேன். எழுபத்து நாலு படிக்கு ஒரு பக்கம் போட சரியாக இருந்தது. ஒரு முழம்கூட மிச்சமில்லை.

எங்கள் கம்பெனி வெல்டருக்கு மில்லிமீட்டர் என்று பட்டப்பெயர். டீக்கடையில் டம்ளரை வைத்தால்கூட மேசை விளிம்பிலிருந்து அளந்து வைக்கிற ஆள். கூப்பிட்டதும் வந்துவிட்டான். அடுத்தது என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்கிறவர். எனக்கும் அவருக்கும் பதினோரு வருஷமாகக் கீரியும் பாம்பும்தான். ஆனால் தம்பி என்று வந்துவிட்டால் அண்ணி வாளியும் கையுமாக முதல் ஆளாக நிற்பார்.

"நீ இடிக்கிறவளாச்சே, உனக்குக் கட்டத் தெரியுமா?" என்றார்.

"ஆயிரம் வீட்டைப் பிரிச்சுப் பார்த்திருக்கேன் அண்ணி. எது எதனால நிக்குதுன்னு கட்டினவனை விட எனக்கு நல்லாத் தெரியும்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை," என்று சொல்லிக்கொண்டே சோபாவின் ஒரு முனையைத் தூக்கினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். எங்கள் ஊர் கூடியது, குப்பையும் நகர்ந்தது. உடைந்த படிகளின் விளிம்புக்கு, இடித்த வீடுகளின் சமையல்மேடைக் கருங்கல்லைத் துண்டு போட்டுப் பதித்தோம். பளபளப்பான பக்கத்தைக் கீழே திருப்பி, சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்தேன். மழையில் வழுக்கக் கூடாதல்லவா? தளத்தில் கொட்டகையின் இரண்டு கதவுகளைப் படுக்கப்போட்டு பெஞ்சு செய்தோம். குளியல் தொட்டியை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. சரி, இருந்துவிட்டுப் போ என்று மண்ணைக் கொட்டிச் செடி வைத்துவிட்டார் அண்ணி.

பிறகு கைப்பிடி. லாரி குழாய்களைக் கீழே தெருவில் இறக்கியிருந்தது. நாங்கள் மூவரும் முதல் படியில் நின்று அண்ணாந்து பார்த்தோம்.

"எந்தப் பக்கச் சுவர்ல அக்கா?" என்றான் மில்லிமீட்டர்.

"அவருக்கு எந்தக் கை நல்ல கை? வலது. அப்போ வலது பக்கம்."

"ஆமா, எங்க தம்பிக்கு வலதுதான்," என்றார் அண்ணி. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கீழேயிருந்து மேலே, ஒவ்வொரு துளையாகச் சுவரில் போட்டு, போல்ட் இறுக்கி, குழாயை வைத்துப் பற்றவைத்தோம். சுவர் வளைகிற இடத்தில் குழாயையும் சூடுபண்ணி வளைத்தான். ஒவ்வொரு படியிலிருந்தும் உயரம் பார்த்தான். ஒரு நூல் கூடினாலும் கழற்றி மறுபடி மாட்டினான். வீட்டுக்குள் அவருக்கு டிரில் சத்தம் மட்டும்தான் கேட்கும். வேலை முடிகிற வரைக்கும் எட்டிப் பார்க்கவே கூடாது என்று நான் கட்டளை போட்டிருந்தேன்.

"கைப்பிடி எந்தப் பக்கம் போடுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டார்.

"வலது பக்கம். உங்க நல்ல கைப் பக்கம். இதுகூட எனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். உனக்குத் தெரியாதது ஏது?" என்று சிரித்தார். பல நாள் கழித்துப் பார்த்த சிரிப்பு.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் தயார். பிசியோதெரபி அம்மா, லீவு நாளென்றாலும் நிலையத்தைத் திறந்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டார். பொத்தான்களை ஒற்றைக் கையாலேயே போட்டார். உதவிக்குப் போனேன், முறைத்தார். கைத்தடியை ஊன்றி வாசலைத் தாண்டி, மேல்படியில் வந்து நின்றார். தளத்தில் ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

அவர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு வலது கையை நீட்டினார். அங்கே வெறும் சுவர்.

கைப்பிடி அவருக்கு இடது பக்கத்தில் இருந்தது.

வலது பக்கம்தான் போட்டேன். ஏறுகிறவருக்கு வலது பக்கம். நாங்கள் மூன்று பேரும் கீழே நின்றே அளந்திருக்கிறோம். மேலே இருக்கிற இவர் முதலில் இறங்கியாக வேண்டும், அதற்கப்புறம்தான் ஏறுவார் என்று ஒரு மண்டைக்குக்கூடத் தோன்றவில்லை. இந்த வேலைக்காக ஒரு நாளைக்கு நாற்பது தடவை நான் அதில் இறங்கியிருக்கிறேன். எனக்கு இரண்டு கையும் இருக்கிறதே, எந்தப் பக்கம் பிடித்தால் என்ன?

மில்லிமீட்டர் டேப்பை எடுத்துவிட்டான். "அக்கா, அளவெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"அட அறிவு கெட்டவனே, அளவு சரிடா! பக்கம் தப்பு!"

"அவனை ஏன் திட்டுறே? வலதுன்னு சொன்னது யாரு?" என்றார் அண்ணி.

"நீங்களும்தானே ஆமான்னு தலையாட்டினீங்க!"

கத்தினேனே தவிர எனக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. சுவரில் துளை போட்டாயிற்று. அந்தச் சுவரின் வளைவுக்குத்தான் குழாயை வளைத்திருக்கிறோம். கழற்றி எதிர்ப்பக்கம் மாட்ட இன்னொரு மாதம் ஆகும். அது கூடப் பரவாயில்லை. இந்த மனிதரை எனக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால் கையை நீட்டி, வெறும் சுவரைத் தடவிவிட்டு வீட்டுக்குள் திரும்பினால், இந்தச் சட்டையை மறுபடி போட மாட்டார். அதோடு அந்தக் கை போயிற்று.

"ஒரு வாரம் கொடுங்க. ராப்பகலா நின்னு மாத்திடுறேன்," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கைப்பிடியை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். அப்புறம் சுவரில் தோளைச் சாய்த்து, கெட்ட காலை மெதுவாக இழுத்து, அப்படியே திரும்பினார். வீட்டைப் பார்த்து முகம், தெருவைப் பார்த்து முதுகு. வீட்டுக்குள் போகப்போகிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணைத் திறடி," என்றார். "ஏணியில எவனாவது முகத்தை வெளியே காட்டிக்கிட்டு இறங்குவானா?"

பார்த்தால் வலது கை குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. இடது காலைப் பின்னால் நீட்டினார். கால் விரல் கல்லைத் தேடியது, சொரசொரப்பு தட்டுப்பட்டது, ஊன்றியது. வலது காலும் இறங்கிப் பக்கத்தில் நின்றது. ஒரு படி.

நான் பாய்ந்து அவருக்குக் கீழே போய் கைத்தடியோடு இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

"நீ ஒருத்தி. ஏணிக்குக் கீழே யாரும் நிக்கக் கூடாது, தள்ளு."

தள்ளவில்லை. இரண்டு படி கீழே பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். அண்ணி சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தார். பத்து வந்ததும் தளத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருபதில் அவர் நெற்றியில் வியர்வை. முப்பதில் கால் ஒரு தடவை நழுவியது. குழாய் அசையவில்லை, கையும் விடவில்லை. எண்ணிக்கொண்டிருந்த கூட்டம் பாதியில் நிறுத்திவிட்டது. அவர்தான், "ஏன் நிறுத்திட்டீங்க? முப்பத்தொண்ணு," என்றார்.

தளத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். உள்ளங்கையால் கைப்பிடியைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான் அண்ணே," என்றான் மில்லிமீட்டர்.

"தெரியுது. துருவைத் தேய்க்காம மேலேயே பூசியிருக்கே. அடுத்த மழைக்கு உரிஞ்சு வந்துடும். உப்புத்தாள் வாங்கி வை, நான் வந்து பண்றேன்."

நான் முந்தானையால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

"எதிர்ப்பக்கமும் ஒண்ணு போடணும்," என்றார் என்னிடம். "எல்லாரும் என்னை மாதிரிப் பின்பக்கமா இறங்க மாட்டாங்க."

"குழாய் இல்லை. ஒரு முழம்கூட மிச்சமில்லை."

"அதனால என்ன? உங்க கம்பெனி நாளைக்கு இடிக்காமலா இருக்கப் போகுது?"

எழுந்தார். மிச்சப் படிகளுக்கு யாரும் எண்ணவில்லை. அவர் ஒரே தாளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார். கெட்ட கால், நல்ல கால், கை. கடைசிப் படியில் இடது கால் தெருவைத் தொட்டது. குழாயை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்து மெதுவாகத் திரும்பி, தெருவைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். பழக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். மேலேயிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

படியிலேயே உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, "அழாதேடி, அழாதே," என்று சொல்லிச் சொல்லி அவரும் அழுதார். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே அவரைக் காணோம். என் மடியில் இருந்த கைத்தடியையும் காணோம்.

ஏழெட்டுக் கடை தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நான் எழுந்து அவர் பின்னால் ஓடினேன்.