லண்டனுக்குப் போகாத வான்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் கணவர் அந்தோனிதாசன் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் கெட்டார். ஒரு கையில் கேக்கை வைத்துக்கொண்டு, "ஜூலையில நாங்கள் எங்கட வானை ஓட்டிக்கொண்டு வேல்ஸுக்குப் போறம்" என்று சொல்லிவிட்டார். ஜேர்மனிக்கு வடக்கே இருக்கிற எங்கள் இக்காஸ்ட் ஊர்த் தமிழருக்கு வேல்ஸ் என்று ஓர் இடம் கிடையாது. கடலுக்கு அந்தப் பக்கம் கிடப்பதெல்லாம் லண்டன்தான்.

அடுத்த சனிக்கிழமைக்குள் எங்கள் வீட்டுக்குப் பதினொரு பார்சல்கள் வந்துவிட்டன. லண்டனில் தைக்கக் கொடுக்க வேண்டிய சட்டைத்துணிகள், இறகு அடைத்த போர்வைகள் இரண்டு, பிஸ்கட் டின்கள், ஒரு மாதா சொரூபம். வெறும் மீன்பெட்டி ஒன்றும் வந்திருந்தது. திரும்பி வரும்போது பாரை மீன் நிரப்பிக்கொண்டு வரவேண்டுமாம்.

"வானுக்குள்ள இடம் சும்மாதானே கிடக்குது," என்றார் அந்தோனிதாசன்.

சும்மா கிடக்கவில்லை. அது நான் படுக்கப்போகிற கட்டில்.

நான் பக்கத்து ஊரான சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம், ஐம்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். சனி ஞாயிறும் வேலைக்குப் போய், கட்டிலும் அடுப்பும் உள்ள இந்தப் பழைய வானை வாங்கினேன். வேல்ஸின் மேற்குக் கரையில் மூன்று ஊர்களில் வானை நிறுத்த இடம் பதிந்திருக்கிறேன். கப்பலில் ஹாரிச் துறைமுகத்தில் போய் இறங்கி, லண்டனைத் தொடாமல் வடக்கே சுற்றிப் போகிற பாதையை வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் கீறியும் வைத்திருக்கிறேன். ஏன் வேல்ஸ் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

சொந்தக்காரர் இருக்கிற நாடெல்லாம் பார்த்தாயிற்று. பார்த்தேன் என்பது சும்மா பேச்சு. ரொறன்ரோவுக்குப் போனேன், நயாகராவைப் பார்க்கவில்லை. ஒரு கலியாண வீட்டுக்கு இடியப்பம் பிழிந்தேன். பாரிஸில் ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் கண்டேன். லண்டனுக்கு ஒன்பது தரம்; ஒன்பது தரமும் இவருடைய அக்கா கிளோறியாவின் குசினியில் சமையல்தான். முப்பத்திரண்டு வருட லீவு இப்படியே கரைந்தது. இந்த மூன்று கிழமை லீவையும், இந்த இருபத்தொரு நாளையும் விட்டுக்கொடுத்தால் இனிச் சாகும்வரை என் வாயில் 'மாட்டேன்' என்ற சொல் வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கோபம் பாதி, பயம் பாதி.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பார்சலையும் வானில் ஏற்றினேன். நான் வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்து அவரும் சந்தோஷமாகத் தூக்கித் தந்தார். நேரே கோயிலுக்கு ஓட்டினேன். பூசை முடிந்ததும் தேத்தண்ணி மேசையில் எல்லாவற்றையும் அடுக்கினேன்.

"அவரவர் சாமானை அவரவர் எடுங்கோ. நான் லண்டனுக்குப் போகேல்லை."

சட்டைத்துணி தந்த பிரியந்தி பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். "போற வழிதானே அக்கா. ஒரு எட்டுப் போய்க் குடுத்திட்டுப் போங்கோவன்."

"வடக்கே ஆல்போர்க்குக்குப் போறவளிட்ட, போற வழியில தெற்கே ஜேர்மனியில பாண் வாங்கிக்கொண்டு வா எண்டு கேப்பீரோ?"

பிறகு யாரும் சிரிக்கவில்லை. எனக்குத் தேத்தண்ணி தரவும் ஒருவரும் இல்லை. நானே ஊற்றிக் குடித்தேன், இரண்டு கோப்பை.

வீட்டுக்கு வந்ததும் அந்தோனிதாசன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். "மானம் போச்சுது. இனி அக்காவுக்கு என்னத்தைச் சொல்லுறது? இருபதாந்தேதி அத்தான்ர எழுபதாவது பிறந்தநாள். வாறம் எண்டு சொல்லிப்போட்டன்."

எனக்கு அப்போதுதான் தெரியும். மூத்த அக்கா இருக்கிற நாட்டுக்குப் போய் அவள் வீட்டுப் படி மிதிக்காமல் திரும்புவது எங்கள் ஆட்களிடம் வலியப் போய்ச் சண்டை பிடிப்பதற்குச் சமம். அதனால் அவர் தனக்குத் தெரிந்த வழியைப் பிடித்தார். என் முன்னாலேயே அக்காவுக்கு அழைத்து, "வான் பழுதாப் போச்சுது அக்கா, இந்தமுறை வரேலாது போல" என்றார்.

நான் போனைப் பறித்தேன்.

"மச்சாள், வான் நல்லா ஓடுது. நாங்கள் வேல்ஸுக்குப் போறம். உங்கட வீட்டுக்கு வரேல்லை."

"அப்ப அத்தான்ர பிறந்தநாள்?"

"வாழ்த்து மட்டை ஒண்டு அனுப்புறன்."

"இந்த வாய் உமக்கு எப்ப வந்தது?"

"எப்பவும் இருந்தது. உங்கட குசினியில திறக்க நேரம் கிடைக்கேல்லை."

போனை வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

"அங்க என்ன கிடக்கு?" என்று கேட்டார்.

"கடல். மலை. ரோட்டு முழுக்கச் செம்மறி."

"எவ்வளவு தூரம்?"

"உங்கட வீட்டிலயிருந்து ரயிலில அஞ்சு மணித்தியாலம்."

"முப்பத்தஞ்சு வரியமா இஞ்ச இருக்கிறன், யசிந்தா. இந்த நாட்டுக் கடலை நான் கண்ணால காணேல்லை. லீவு எண்டால் ஆரும் வந்து நிப்பினம். நீங்களும்தான். ஒன்பது தரம் வந்தனீங்கள். ஒவ்வொரு தரமும் நீங்கள் போன பிறகு நான் கதவைப் பூட்டிப்போட்டு அழுதிருக்கிறன்."

ஒரே குசினியில் தோளோடு தோள் நின்று, நாங்கள் இருவரும் மனதுக்குள் ஒருவரை ஒருவர் திட்டியிருக்கிறோம்.

"பிறந்தநாளுக்கு அடுத்த நாள் நான் ரயில் ஏறுறன். அத்தான் ஒரு கிழமை தானே சமைச்சுச் சாப்பிடட்டும். உம்மட வானில எத்தினை பேர் படுக்கலாம்?" என்று மச்சாள் கேட்டார்.

"ரெண்டு பேர்தான்."

"அப்ப தம்பி?"

"உங்கட தம்பிக்கு ஒரு கூடாரம் வாங்குறன், மச்சாள்."

அந்தோனிதாசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று மச்சாள் கேட்டுக்கொண்டிருந்தார்.