டீ குடிக்கும் வியாபாரி

ஆட்டத்தை முழுசாக ஆடாமலேயே ஒரு நடுவர் மார்க் போட்டார் என்று யாராவது சொல்லியிருந்தால் முதல் ஆளாக நான்தான் திட்டியிருப்பேன். அந்த நடுவர் நான்தான்.

வேலூரில் ஒரு கல்லூரி கேம் ஜாம் நடத்தியது. ஏழே நாளில் மாணவர்கள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து தர வேண்டும். இந்த முறை கார்டும் கட்டமும் வைத்து, யோசித்து ஆடுகிற ஆட்டம். முதல் மதிப்பீட்டில் நாங்கள் சொல்லும் குறைகளைச் சரிசெய்து ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் திரும்ப அனுப்பலாம். இரண்டாம் மதிப்பீட்டில் முதலில் வருபவருக்குச் சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. ஆம்பூர் பக்கம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் என்னையும் நடுவராகக் கூப்பிட்டார்கள். அந்தப் பெருமையை வீட்டில் இரண்டு தடவை சொன்னேன்.

எனக்கு ஒன்பது ஆட்டங்கள் வந்தன. லேப் தேர்வு மேற்பார்வையில் உட்கார்ந்தபடியே அவற்றை ஆடிப் பார்த்தேன். ஏழாவது ஆட்டத்தின் பெயர் ‘மண்டி’. செய்தவள் எழிலரசி, இரண்டாம் ஆண்டு, ஊர் பேரணாம்பட்டு. நம்மிடம் பச்சைத் தோல், அதாவது இன்னும் பதப்படுத்தாத ஆட்டுத் தோல் கார்டுகள் இருக்கும். கட்டங்களில் வைத்து விற்க வேண்டும். உப்புக் கார்டு போடாத தோல் கெட்டு, ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரு தரம் இறங்கும். எதிரில் கம்ப்யூட்டர்தான் வியாபாரி. முதல் ரவுண்டில் டீ கிளாஸ் படம் வந்தது; எதுவும் வாங்காமல் ‘பாஸ்’ என்றது. இரண்டாவதிலும் பாஸ். மூன்றாவதிலும் பாஸ். மூடிவிட்டேன். ‘எதிராளி நகரவே இல்லை. அடிப்படையே தவறு’ என்று எழுதி, பத்துக்கு இரண்டு போட்டேன்.

சனிக்கிழமை மாணவர்களை நேரில் பார்த்தோம். எழிலரசி நோட்டும் பேனாவுமாக என் எதிரில் உட்கார்ந்தாள்.

“சார், எத்தினி ரவுண்டு ஆடுனீங்க? என் லேப்டாப்ல எட்டாவது ரவுண்டுல வாங்குறாரு சார்.”

பக்கத்தில் மற்ற நடுவர்கள் இருந்தார்கள். “முழுசா ஆடுனேம்மா. கடைசி வரைக்கும் பாஸ்தான்.”

சட்டென்று வந்துவிட்டது. நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. “அப்ப பக் தான் சார். நான்தான் சரியா பாக்கல. இன்னிக்கே உக்காந்து மாத்திட்றேன்,” என்றாள். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை புதிய மண்டியைத் திறந்தேன். முதல் திரையிலேயே, ‘பிழையைக் கண்டுபிடித்துச் சொன்ன சம்பத் சாருக்கு நன்றி’ என்று என் பெயரைப் போட்டிருந்தாள். நான் தோலை வைத்ததும் வியாபாரி நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டார். அடுத்ததையும் வாங்கினார். மூன்றாவது ரவுண்டில் நான் ஜெயித்துவிட்டேன். சப்பென்று இருந்தது.

தோல் இவ்வளவு சுலபமாக விற்குமா? என் அப்பா முப்பது வருஷம் தோல் மண்டியில் உப்பு போட்டவர். சாப்பாடு எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். வாங்க வந்தவர்கள் தோலைத் தொடவே மாட்டார்கள். வெயில் ஏறித் தோல் கெட்டு விலை இறங்கட்டும் என்று டீக்கு மேல் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எழிலரசியின் வியாபாரியும் அதைத்தான் செய்திருக்கிறார். பழைய ஆட்டத்தைத் தேடி எடுத்து, இந்த முறை உப்பைச் சேர்த்து வைத்து ஆடினேன். ஏழு ரவுண்டு அவர் டீ குடித்தார். என் கையில் கடைசி உப்புக் கார்டு. எட்டாவது ரவுண்டில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு விலை கேட்டார். ஒன்பது ஆட்டத்தில் என் கை வியர்த்தது இதில் மட்டும்தான்.

கேம் ஜாமை நடத்தும் தனகோடிக்குப் போன் போட்டேன். “சார், எழிலரசியோட பழைய கேமை எடுத்துக்கணும்.”

“டைம் முடிஞ்சிடுச்சே. காரணம் இன்னா சார்?”

“நான் மூணு ரவுண்டுதான் ஆடுனேன். முழுசா ஆடுனேன்னு அந்தப் பொண்ணுகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“ஒருத்தருக்கு மாத்துனா எல்லாரும் கேப்பாங்க சார். அனுப்புனதுதான் கணக்கு,” என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் எழிலரசியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். பயிற்சி போய்விடும் என்பதையும் மறைக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

“அப்ப என் கேம்ல பக்கே இல்லியா சார்?”

“இல்லம்மா.”

“எட்டாவது ரவுண்டுல வாங்குனாரா?”

“வாங்குனாரு.”

போனைக் கையால் பொத்திக்கொண்டாள் போலிருக்கிறது. இருந்தும் கேட்டது. “அம்மா! நான் செஞ்சது கரெக்டுதானாம்மா! சாரே போன் பண்ணிச் சொல்றாரு!”