காருக்கு அடியில் தேங்கிய தண்ணீர்

“காலை அசையாமப் பிடிப்பா” என்றார் அத்தாவின் அண்ணன் பெரியத்தா. ஹாமித் தன் அத்தாவின் கணுக்கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பலகையில் கிடந்த உடம்பின் மேல் பெரியத்தா சொம்பு சொம்பாக ஊற்றினார். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் இளம்பச்சையாக வழிந்து, முற்றத்துச் சரிவில் ஓடி, அங்கே நின்ற காருக்கு அடியில் போய்த் தேங்கியது.

திண்டுக்கல் பேகம்பூரில் அந்த வீட்டுக்கு இருந்தது அந்தக் குறுகலான முற்றம் மட்டும்தான். காரை வெளியே எடுத்துவிட்டு மையத்தைக் குளிப்பாட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். தெருவை அடைத்து அதற்குள் நாற்காலி போட்டிருந்தார்கள். அதனால் காரின் ஓரமாகவே வேட்டிகளைக் கட்டி மறைத்துக்கொண்டு காரியத்தை நடத்தினார்கள்.

ஹாமித்தின் தகப்பனார் கிதர் முகம்மது அன்று விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நல்ல சாவு என்றார்கள் வந்தவர்கள். யாருக்கு நல்லது என்று ஹாமித் கேட்கவில்லை.

பழனியில் கட்டிக்கொடுத்த தங்கை முஹ்சினா பிள்ளை பெற்ற உடம்புக்காரி. ஆபரேஷன் தையல் இன்னும் ஆறவில்லை, புருஷன் குவைத்தில். நாற்பது நாள் கழிந்து வந்து பேரனைப் பார்க்கிறேன் என்று அத்தா சொல்லியிருந்தார். போனில் அவள் அழவில்லை. “அண்ணே, நீயே வந்து என்னையக் கூட்டிட்டுப் போ. அத்தா முகத்தப் பாக்கணும். பிள்ளையக் காட்டணும்” என்றாள்.

சாயங்காலம் அஸர் தொழுததும் எடுத்துவிட வேண்டும், இந்த வெயிலில் அதற்குமேல் வைத்திருப்பது மையத்தை நோகடிப்பது என்று பெரியத்தா முடிவாகச் சொல்லிவிட்டார். அதற்குள் போய் வந்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியைத் தருகிறேன் என்றார். ஹாமித் கேட்கவில்லை. அத்தா வீட்டுக்கு அவள் அத்தா காரில்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றான்.

அந்தக் கார் மேல் அத்தாவுக்கு அப்படியொரு கிறுக்கு. தினமும் ராத்திரி இஞ்சினுக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரித்து வைப்பார். காலையில் அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் டீ. ஏதாவது சொட்டியிருந்தால் விரலில் தொட்டு, தேய்த்து, மோந்து பார்ப்பார். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசி, கறுப்பு என்றால் இஞ்சின் ஆயில், சக்கரத்துக்குப் பக்கத்தில் வழவழத்தால் பிரேக் ஆயில், வண்டியைத் தொடக்கூடாது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மனுஷன் இவ்வளவு குனிந்து பார்க்கவில்லை என்று ஹாமித்தின் அம்மா ஜெய்தூன் பீவி கேலி பண்ணுவாள்.

குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, உள்ளே கிடத்திய பிறகு ஹாமித் சாவியோடு வந்தான். பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தான். அட்டை நனைந்து ஊறிக் கிடந்தது. இஞ்சினுக்கு நேர் கீழே பச்சைத் தண்ணீர் கொஞ்சம் அடர்த்தியாகத் தேங்கியிருந்தது. விரலை நீட்டினான். அத்தாவின் உடம்பைத் தொட்டு வந்த தண்ணீர். அதைத் தேய்த்து மோந்து பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. கையை இழுத்துக்கொண்டான். தெருவில் நாற்காலிகளை ஒதுக்கி வழிவிட, வண்டியை எடுத்தான்.

போகும்போது கண்ணீரைத் துடைப்பதே வேலையாக இருந்தது. மீட்டரில் எந்த முள் எங்கே நிற்கிறது என்று யார் பார்த்தார்கள்? பழனியில் முஹ்சினா பிள்ளையோடு தயாராக வாசலில் நின்றாள். திரும்பும் வழியில் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஏசியில் அனல் அடித்தது. கொஞ்ச தூரத்தில் பானெட்டின் இடுக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி, பானெட்டைத் திறந்தான். ரேடியேட்டருக்குக் கீழ் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது. அதிலிருந்து பச்சையாகச் சொட்டியது. இந்தத் தடவை தொட்டு மோந்தான். இஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட்டின் இனிப்பு வாடை. இலந்தை இலைக்கு ஏது இந்த வாடை.

இருந்த தண்ணீர் பாட்டில்களை ஊற்றினான். ஊற்ற ஊற்றக் கீழே போனது. கை காட்டிய பஸ்கள் நிற்கவில்லை. முகூர்த்த நாள், வாடகை வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியும் உறவுக்காரர்களைக் கூட்டிவரப் போயிருந்தது. போனில் கூப்பிட்டதில் ஒருவர் மட்டும் வருகிறேன் என்றார், கொஞ்சம் நேரமாகும் என்றார்.

அஸர் முடிந்து பெரியத்தா கூப்பிட்டார். ஜமாத்தார் எல்லாரும் நிற்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டார். ஹாமித் முஹ்சினாவைப் பார்த்தான். அவள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

“எடுங்க பெரியத்தா. அத்தாவக் காக்க வைக்காதீங்க.”

அந்தப் பக்கம் ஹாமித்தின் மனைவி ஜீனத் போனை வாங்கி, வீடியோவில் ஒரு தடவை முகத்தைக் காட்டவா என்று அழுதாள்.

“போன்ல வேணாம் மதினி” என்று முஹ்சினா வைத்துவிட்டாள்.

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஹாமித் காரில் சாய்ந்து நின்றான். அடக்கம் நடக்கும் நேரத்தில், மண் போட வேண்டிய மகன் நடுரோட்டில் நிற்கிறான்.

“நான் கெளம்பும்போதே பாத்தேன் முஹ்சினா. குளிப்பாட்டின தண்ணின்னு நெனச்சுட்டேன்.”

அவள் பிள்ளையின் மேல் விழுந்த வெயிலை முந்தானையால் மறைத்தாள்.

“முகம் எப்டி இருந்துச்சு?” என்றாள் பிறகு.

“தாடைய துணியால கட்டியிருந்தோம். தாடியச் சீவிவிட்டாரு பெரியத்தா. நெத்தியில கற்பூரம் வச்சோம்.”

“கண்ணு?”

“மூடித்தான் இருந்துச்சு.”

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நல்லபடியாக முடிந்தது என்று பெரியத்தாவிடமிருந்து போன் வந்தபோது பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

வாடகை வண்டி வந்து நின்றது. டிரைவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். கைக்குழந்தைக்காரி ஏறச் சிரமப்படுவதைப் பார்த்து, கதவைப் பிடித்துக்கொண்டார். திண்டுக்கல்தானுங்களே என்று கேட்டு வண்டியைக் கிளப்பினார்.

“ஏனுங்க, அவசரமாப் போகோணுமுங்களா?”

ஹாமித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பின்சீட்டிலிருந்து முஹ்சினா சொன்னாள்.

“இல்லண்ணே. மெதுவாவே போங்க.”