மெட்டி சுத்துதா?

அமராவதிதான் முந்திப் போவாள் என்று மஞ்சக்குப்பத்தில் அந்தத் தெருவே எண்ணிக்கொண்டிருந்தது. அமராவதிக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. இதயம் பலவீனம், ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்லை, அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும் என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் 2009 தை மாதத்தில், கல்லுக்குண்டு மாதிரி இருந்த அவள் புருஷன் தில்லைநாதன் காலை நடைக்குப் போன இடத்தில் மைதானத்திலேயே விழுந்து செத்துப்போனார்.

கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஃபைல் பார்த்த கை சும்மா இருக்குமா? பெண்டாட்டியை ஃபைலாக்கிக்கொண்டார். தினமும் காலையில் அவளை எடை மிஷினில் ஏற்றி நோட்டில் குறிப்பார். கட்டைவிரலால் காலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பார். கடைசியாக, "மெட்டி சுத்துதா?" என்று கேட்பார். சுற்றினால் நீர் மாத்திரை ஒன்று. இறுகியிருந்தால் டாக்டர் சொன்னபடி ஒன்றரை. உப்பு ஆகாதென்று ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய் வெகு நாளாயிற்று; தண்ணீரும் காபியும் அளந்துதான். அவள் சலித்துக்கொள்வாளே தவிர, தன் உடம்பை மொத்தமாக அவரிடம் விட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அவர் போன பிறகு மெட்டியைப் பற்றிக் கேட்க ஆளில்லை. மாத்திரை போட்டால் அரை மணிக்கு ஒரு தரம் கொல்லைப்பக்கம் போகவேண்டும். போகிற வழியெல்லாம் துக்கம் கேட்க வந்த ஆம்பிளைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷனைப் பறிகொடுத்து மூலையில் உட்கார்ந்தவள் எழுந்து எழுந்து போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? மாத்திரையை விட்டுவிட்டாள். வந்தவர்கள் காபியும் சோடாவும் வாயில் ஊற்றினார்கள். குடித்தாள். உப்பா சப்பா என்றுகூடத் தெரியாமல் சாப்பிட்டாள்.

படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே இரவைக் கழித்தாள். "அவன நெனச்சிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருக்கு, பாவம்" என்றாள் நாத்தனார் முத்தம்மாள். உப்பிய முகத்தை, அழுது வீங்கிய முகம் என்றார்கள். அமராவதி ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. இப்படியே இன்னும் நாலு நாள் இருந்தால் நாமும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தோன்றியது. அதில் பயமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

பதினாறாம் நாள் கருமாதி. விடிகாலையில் தாலி இறக்க அவளை உட்காரவைத்தார்கள். தம்பி தேவநாதன் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையோடு சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். முத்தம்மாள் முதலில் மெட்டியில் கைவைத்தாள். அசையவில்லை. எண்ணெய் விட்டாள், சோப்பு போட்டாள், இழுத்துப் பார்த்தாள்.

"கழலவே மாட்டேங்குது. என் தம்பி மேல அம்மாம் ஆச இவளுக்கு" என்றாள். சுற்றி இருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

அமராவதி குனிந்து பார்த்தாள். மெட்டிக்கு இரண்டு பக்கமும் விரல் பிதுங்கி நின்றது. கட்டைவிரலால் காலை அழுத்தினாள். அவளாக அழுத்திப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குழி விழுந்தது, விழுந்தபடியே இருந்தது. குனிந்ததற்கே மூச்சு இரைத்தது. ஆசையும் இல்லை ஒன்றும் இல்லை, நீர். சாக வேண்டாம் என்று நினைத்தாள். பதினாறு நாளில் அவள் தெளிவாக நினைத்தது அது ஒன்றுதான்.

"அண்ணி, நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள் நாத்தனாரிடம்.

"என்னடி பேசுற? தாலிய எறக்காம வாசப்படி தாண்டக் கூடாது. பத்தர் வந்து மெட்டிய வெட்டட்டும், மொறையெல்லாம் முடியட்டும், சாயந்தரமா போலாம்."

"சாயந்தரம் வரைக்கும் தாங்காது அண்ணி. மெட்டி கெடக்கட்டும். தாலிய இப்பவே எறக்கிடுங்க. சீக்கிரம்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். எந்தப் பொம்பளையும் அப்படிச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. அமராவதி குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். முப்பத்தாறு வருஷத் தாலி இறங்கும்போது, தெருமுனையில் ஆட்டோ நிற்குமா என்பதுதான் அவள் நினைப்பாக இருந்தது.

நின்றது. தேவநாதன் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். பாதி வழியில்தான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. அவர் கட்டிய தாலியைச் சீக்கிரம் இறக்கச் சொல்லியிருக்கிறாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதால் மூச்சு முட்டியது. அவள் அழுகையை அடக்கிக்கொண்டாள்.

வெட்கமாக இருந்தது. இருந்தும், "வேகமா போவச் சொல்லு தம்பி" என்றாள்.