இடப்பக்கக் கண்ணாடி

கார் கம்பெனி கடைசிச் சம்பளத்தைக் கண்ணாடியாகக் கொடுத்தது. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. காரின் இடப்பக்கக் கதவுக்கு வெளியே காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அது. பெட்டியில் பணம் இல்லை, கிடங்கில் இருப்பதை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கிடங்கைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் பம்ப் இல்லை, கிளட்ச் இல்லை, ஹார்ன் இல்லை. அடிக்கடி கெட்டுப்போகிற சாமான்கள் எல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தன. யாருக்கும் ஒருநாளும் தேவைப்படாத சாமான்கள்தான் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அந்தக் கம்பெனி ஒழுங்காகச் செய்த ஒரே பொருள் இடப்பக்கக் கண்ணாடி. ஆரஞ்சு விளிம்பு போட்டு, வட்டமாக, பெரிதாக இருக்கும். லாரி உரசினால் லாரிக்குத்தான் கீறல் விழும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானம்கூட இல்லை, நாய்படாத பாடுபட்டுச் சம்பாதித்த கூலி. அதனால் நம்முடைய ஆள் பல்லையும் பார்த்தான், வயிறெரிந்து திட்டவும் திட்டினான், கடைசியில் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

அவனுக்குப் பெயர் வாரண்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஷோரூமில் வைத்த பெயர்தான் ஒட்டிக்கொண்டது. வண்டி வாங்க வருகிறவர் எதைக் கேட்டாலும், "அதுக்கெல்லாம் வாரண்டி இருக்கு சார்" என்பான். சீட் கிழிந்தால்? வாரண்டி. பெயின்ட் உரிந்தால்? வாரண்டி. கம்பெனியே போய்விட்டால் அந்த வாரண்டிக்கு யார் வாரண்டி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பான்.

இப்போது ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளன். ஒண்டிக்கட்டை, ஒற்றை அறை. அறையில் பாதி கண்ணாடிப் பெட்டிகள். ஒரு பெட்டிமேல் சாப்பிடுவான், ஒன்றின்மேல் சட்டையை மடித்து வைப்பான். குளியலறையில் ஒன்றை மாட்டிச் சவரம் செய்துகொண்டான். அதில் மூக்கு மட்டும் அம்சமாகத் தெரியும்.

அவனுக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வாசல். அக்கா வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அக்காதான் வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணமானபோது மாமா அவனையும் சேர்த்தே வீட்டுக்குக் கூட்டிப்போனார். வேலை கிடைத்துத் தனி அறைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அங்கேதான். திரும்பும்போது பச்சை மூடி போட்ட டப்பாவில் ராத்திரிக்கும் கட்டிக் கொடுப்பாள். அடுத்த வாரம் அந்த டப்பாவைக் கழுவித் திருப்பித் தரவேண்டும். அது ஒன்றுதான் அவள் போட்ட சட்டம்.

மாமா சலவைக்கடை வைத்திருந்தார். ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, கொண்டுபோய்க் கொடுக்கிற தொழில். வேலை நேரம் போக மீதி நேரம் பேப்பர் படிப்பார். முதல் பக்கத்தின் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் விலாசம் வரைக்கும் எழுத்து விடாமல் படிப்பார்.

கம்பெனி கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு சாயங்காலம் அந்த மாமா ஷோரூமுக்கு வந்து நின்றார். பின்னால் அக்கா. வாரண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த மாதம் அவன் ஒரு வண்டிகூட விற்றிருக்கவில்லை.

மாமா எல்லா வண்டியையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கம்பெனி நிக்குமா மாப்ளே? பேப்பர்ல என்னென்னமோ போடறான்."

"பேப்பர்ல ஆயிரம் போடுவான் மாமா. நம்ம கம்பெனி மலை மாதிரி நிக்கும்."

மாமா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பெரிய தள்ளுபடி, பத்து வருஷ வாரண்டி, கூடவே ஒரு குடை இலவசம். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஷோரூம் கதவில் பூட்டுத் தொங்கியது.

வண்டியில் முதலில் போனது ஹார்ன். மாமா ஜன்னல் வழியே தலையை நீட்டி, "கொஞ்சம் தள்ளுங்க சார், புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக் கேட்டு ஓட்டினார். பிறகு கூரை ஒழுகியது, சரியாக டிரைவர் சீட்டுக்கு மேலே. இலவசக் குடை எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. மழை பெய்தால் அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காருக்குள்ளேயே மாமாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு போவாள். பார்த்தவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "வண்டி உயிரோடதான் இருக்கு அண்ணே. கம்பெனிதான் செத்துப்போச்சு. சாமானுக்கு நான் எங்க போவேன்?"

இதையெல்லாம் மாமா ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அதுதான் வாரண்டியைக் கொன்றது. நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். வாரத்தில் ஒருநாள் போன் வரும். "மாப்ளே, நல்லா இருக்கியா? சும்மாதான் கூப்பிட்டேன். வண்டியா? ஓடுது ஓடுது. இறக்கத்துல பிரமாதமா ஓடுது."

இந்த இடத்தில் நம்முடைய ஆளின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றியே ஆகவேண்டும். அவனிடமும் ஒரு கார் இருந்தது. பழைய கார், சின்னது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிற கார். வேறு கம்பெனியுடையது. தன் கம்பெனி வண்டியை ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே அதை வாங்கிவிட்டான். சமையல்காரன் தன் வீட்டுச் சாப்பாட்டை எதிர்க்கடையில் வாங்குகிற கதைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மருந்துக் கடைக்குப் பின்னால் அதை நிறுத்துவான். அங்கிருந்து நடந்து வந்து, வாசலில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ல ஒரே கூட்டம்க்கா" என்பான். அக்கா உடனே ஃபேனை இரண்டு சுற்றுக் கூட்டி வைப்பாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமாம். இவனுக்கு வருஷக்கணக்காக இருண்டே இருந்தது.

ஒருநாள் யாரோ பைக்கில் வந்து அவன் காரின் இடப்பக்கக் கண்ணாடியை இடித்துவிட்டுப் போனான். மற்றவர்களாயிருந்தால் கடைக்குப் போயிருப்பார்கள். இவனிடம்தான் அறை நிறைய இருக்கிறதே. ஒன்றைப் பிரித்து, திருகாணி போட்டு முடுக்கினான். சின்ன வண்டியில் அந்த ஆரஞ்சு வட்டம், எவருடைய காதையோ கடன் வாங்கி ஒட்டிய மாதிரி இருந்தது. இருந்தாலும் சம்பளத்தில் ஒரு பகுதியாவது கைக்கு வந்துவிட்டதே என்று அவனுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

கடைசியில் மாமா வண்டியின் பெட்ரோல் பம்ப் போயிற்று. இறக்கத்தில்கூட ஓடவில்லை. மாமா விரிப்பு மூட்டைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, ஆஸ்பத்திரிக்குத் தானே தள்ளிக்கொண்டு போனார். ஐம்பதைத் தாண்டிய தோள், ஒரே வாரத்தில் வீங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வாரண்டி வழக்கம்போலச் சாப்பிட்டு, சோபாவில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்பினான். அக்கா டப்பாவைக் கேட்டாள். அறையிலேயே மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் நடுவில் போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வர வேண்டாம்டா."

"ஏன்க்கா, ஊருக்குப் போறீங்களா?"

"இல்ல. வர வேண்டாம்." வைத்துவிட்டாள்.

பம்புக்காகத்தான் கோபம் என்று வாரண்டி முடிவு கட்டினான். பம்ப் கிடைத்தால் வாசல் திறக்கும், கிடைக்காவிட்டால் அந்த வாசலும் மூடிவிடும். பழைய மேனேஜர் வீட்டுக்கு ஓடினான். அவரிடம் அதே கம்பெனி வண்டி ஒன்று இருந்தது.

மேனேஜர் காருக்குள்தான் இருந்தார். வண்டி சுவர் ஓரமாக அசையாமல் நின்றது. அவர் டிரைவர் சீட்டில் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் தன் பேச்சு எடுபடுவதில்லை, இங்கேதான் கொஞ்சம் மரியாதை என்றார். அவருக்குச் சம்பளமாக வந்தது சீட் பெல்ட். கேஸ் சிலிண்டர், டிவி, வாசல் நாற்காலி, எல்லாவற்றையும் பெல்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தார்.

"சார், உங்க வண்டி பம்ப் எனக்கு வேணும். என்ன கேட்டாலும் தரேன்."

"என்ன தருவ, கண்ணாடியா?" மேனேஜர் சிரித்தார். "இதுல முதல்ல போனதே பம்ப்புதான்ப்பா. அதனாலதான் இங்கயே உக்காந்திருக்கேன். நீதான் புத்திசாலி. நம்ம வண்டிய நம்மளே வாங்கக் கூடாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீ." வந்ததற்கு வெறுங்கையாகப் போகவேண்டாம் என்று நாலைந்து சீட் பெல்ட்டுகளைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

புத்திசாலி என்ற சொல் வழியெல்லாம் குத்திக்கொண்டே வந்தது.

வர வேண்டாம் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை வாரண்டி வந்தே விட்டான். பழக்கதோஷம், மருந்துக் கடைக்குப் பின்னால்தான் நிறுத்தினான். வாசலில் அக்கா நின்றிருந்தாள். மாமா உள்ளே பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

"எதுல வந்த?"

"பஸ்லதான்க்கா. ஒரே கூ..."

"மருந்துக் கடைக்குப் பின்னாடி ஒரு வண்டி நிக்குமே, பாத்திருக்கியா?" அவள் குரல் உயரவில்லை. "மாமா தோளுக்கு மருந்து வாங்கப் போனேன், போன ஞாயிறு. நீ இங்க குறட்டை விட்டுட்டிருந்த. பாத்தா வேற கம்பெனி வண்டி, ஆனா நம்ம வண்டியோட கண்ணாடி. இது யாருடா இப்படி ஒரு கிறுக்கன்னு எட்டிப் பாத்தேன். சீட்டுல பச்சை மூடி போட்ட டப்பா."

அந்தக் கம்பெனி ஒழுங்காகச் செய்த ஒரே பொருள் அவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"தப்புதான்க்கா. அந்த வண்டிய உங்க தலையில கட்டுனது பெரிய தப்பு. கம்பெனி முழுகப் போகுதுன்னு அப்பவே தெரியும்."

"எங்களுக்குத் தெரியாதா?" இப்போது குரல் உயர்ந்தது. "உள்ள உக்காந்திருக்காரே, பேப்பர்ல இருக்கற விளம்பரத்தக்கூட விடாத மனுஷன், அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா எதுக்குக்கா வாங்குனீங்க?"

"அந்த மாசம் இங்க வந்து சாப்பாட்ட அளைஞ்சுட்டே உக்காந்திருந்த. கேட்டா ஒண்ணுமில்லன்ன. நீ போனதும் இவர்தான் சொன்னாரு, 'பையன் ஒரு வண்டிகூட விக்கல போல, வேலைய விட்டு எடுத்துடுவான், நாம ஒண்ணு வாங்கிடுவோம்'னு. தெரிஞ்சேதான்டா ஏமாந்தோம். அதுக்கு எனக்குக் கோவமே இல்ல. நான் காருக்குள்ள குடை பிடிச்சுட்டுப் போறேன், நீ ரெண்டு தெரு தள்ளி வண்டிய நிறுத்திட்டு பஸ்ல கூட்டம்ங்கற. நானும் பாவம்னு ஃபேனக் கூட்டி வைக்கறேன்!"

வாரண்டி அழுதுவிட்டான். வெட்கமாக இருந்தது, அதைவிட, இத்தனை பிரியத்துக்குத் தான் லாயக்கில்லை என்பது கண்கூடாகத் தெரிந்தது. பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். "இத நீங்க வெச்சுக்குங்க. அந்த வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன்."

"அட, அதெல்லாம் வேண்டாம் மாப்ளே" என்று பேப்பர் பேசியது.

"நீங்க சும்மா இருங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு விரிப்பு போகணும்." அக்கா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "உள்ள வா. கை கழுவு. சாப்பாடு ஆறுது."

சாப்பிட்டு முடித்ததும் செத்த வண்டியை இழுத்துப் போகக் கயிறு தேடினார்கள். கயிறு இல்லை. மேனேஜர் கொடுத்த சீட் பெல்ட்டுகள் சின்ன வண்டியில் கிடந்தன. முன்னால் சின்ன வண்டியில் மாமா, பின்னால் பெல்ட்டில் கட்டிய வண்டியில் வாரண்டி, அவன் பக்கத்தில் அக்கா. வழியெல்லாம் அவள்தான் ஹார்ன். "தள்ளுங்க, தள்ளுங்க, பிரேக்கும் சந்தேகம்!" என்று அவள் ஜன்னலில் கத்த, தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. வாரண்டிக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

அவன் அறை வாசலில் வண்டியை நிறுத்தி, பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே மாமா கேட்டார். "மெத்தைக் கம்பெனி எப்படிப் போகுது மாப்ளே? பேப்பர்ல என்னமோ போட்டிருந்தான்."

"மலை மாதி..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். வாரண்டி விழுங்கிக்கொண்டான். "நல்லா இல்ல மாமா. ரெண்டு மாசமா சம்பளம் வரல. இந்த மாசம் நான் ஒரு மெத்தைகூட விக்கல."

சொன்ன பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. மாமா பெல்ட்டை நிதானமாகச் சுருட்டினார்.

"சரி. பெரிய கட்டிலுக்கு ஒண்ணு எடுத்து வை."

"மாமா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா? முழுகப் போற கம்பெனி மாமா அது!"

"விழுந்துச்சு மாப்ளே. அதனாலதான் சொல்றேன்."

அக்கா அதற்குள் சின்ன வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஆரஞ்சுக் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "இந்தத் தடவ குடை வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். "தலைகாணி ரெண்டு கேளுங்க."