எதிர்ப்பக்கம் நின்றவர்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வாயும் அப்படி, கையும் அப்படி. அவளுக்கு முன் அங்கே துணி வெட்டும் மேசையில் நின்றவர் அவள் கணவர். கல்லீரலில் வைரஸ் குடியேறி அவரைத் தின்று தீர்த்தது; அதற்கு நல்ல மாத்திரை அவர் போன பிறகுதான் வந்தது. அதே வைரஸ் அவளுக்கும் இருந்தது. மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் அவர் பங்கைத் திருடித் தின்பதுபோல் இருந்தது.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் அவர் வந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், மேசையின் எதிர்ப்பக்கம், துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, கை வெடவெடத்தது. பேயைப் பார்த்தால் வேறென்ன செய்யும்? யாரோ கொடுத்த இனிப்பு டீயைக் குடித்ததும் மறைந்துவிட்டார். டீக்குப் பயப்படுகிற பேய் என்று சிரித்துக்கொண்டாள். ஆனால் மறுநாளிலிருந்து டீயை வேண்டாமென்று தள்ளிவைத்தாள்.

ஒருநாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது வெட்டும் மெஷின் கோட்டைத் தாண்டி அவள் விரலை நோக்கி ஓடியது. பக்கத்தில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த நாத்தனார் பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தாள். அண்ணி சர்க்கரை வியாதிக்குத் தினமும் ஊசி போடுகிறவள் என்பது தெரிந்தவள், வாயில் சர்க்கரையைத் திணித்து, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

"இன்சுலின் எவ்வளவு போடறீங்க?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்னதுக்கு மேல ஊசியில ரெண்டு கோடு. தையலுக்குக் கொஞ்சம் விட்டுத்தானே வெட்டுவோம், அந்தப் பழக்கம்."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வைரஸ் அடங்க அடங்க உங்க உடம்புல இன்சுலின் நல்லா வேலை செய்யுது. நான் சொன்ன பழைய அளவே இப்ப அதிகம். அடிக்கடி சர்க்கரை பாருங்கன்னு சொன்னேனே? அது இறங்கினா வேர்க்கும், நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இன்னும் இறங்கினா எழுந்திருக்கவே மாட்டீங்க."

இல்லாததாம். டாக்டரை ஓங்கி அறையலாம்போல இருந்தது.

குறைத்துக் கொடுத்த அளவையே போட்டாள். கை நடுங்கவில்லை, கோடு நேராக ஓடியது, அவர் வரவில்லை. எதிர்ப்பக்கம் வெறிச்சென்று கிடந்தது. இந்த முறை அவரைச் சாகக் கொடுத்தது தானேதான் என்று அவளுக்குப் பட்டது.

ஒரு காலையில் ஊசியில் பழைய கோடுவரை மருந்தை இழுத்தாள். அதற்கு மேலும் இரண்டு கோடு. நிமிர்ந்தால் கதவருகே நாத்தனார் நின்றிருந்தாள்.

"அண்ணனைப் பாக்கப் போறீங்களா அண்ணி?"

ஊருக்கே வாயடிக்கிற கத்திரி ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"மேசையில நீங்க யாரைப் பாத்துச் சிரிச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு தடவகூட வரல அவரு. கூடப் பொறந்தவ நான்." நாத்தனாரின் குரல் உடைந்தது. "நீங்களும் போங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட வராம இருங்க."

கத்திரி ஊசியைத் தொட்டிக்கு மேல் பிடித்து அழுத்தினாள். டாக்டர் சொன்ன கோடு வரும்வரை மருந்து சொட்டுச் சொட்டாய் வடிந்தது. மிச்சத்தை வயிற்றில் போட்டுக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏதாவது சொன்னாரா அண்ணி?"

"உன்னைத்தான் கேட்டாரு. வந்தப்பல்லாம்."

அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.